முதுகைத் தொட்டுப் பாருங்கள்

(மலைக் கிராமமான கரியாலூரில் பொதுமக்களும் சுகாதாரப் பணியாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இடுப்பு வலி. பெரிய நோய்களைப் பற்றிப் பேசப் பல மேடைகள் இருக்கின்றன. சர்க்கரைக்கு முகாம் நடக்கிறது, இரத்த அழுத்தத்துக்கு முகாம் நடக்கிறது, கண்ணுக்கு முகாம் நடக்கிறது. இடுப்பு வலிக்கு யார் முகாம் நடத்துகிறார்கள்? ஆனால் இந்த அரங்கில் இடுப்பு வலியே வந்ததில்லை என்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் மேலே வரும்? சாமைக் காட்டில் களை எடுத்தவர் தூக்க மாட்டார். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கியவர் தூக்க மாட்டார். விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கியவர் தூக்க மாட்டார். பிள்ளை பெற்ற தாய் தூக்க மாட்டார். மலையை விட்டு இறங்கி வெளி மாநிலத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்த தம்பியும் தூக்க மாட்டார்.

நமக்கு மட்டும்தானா இது? இல்லை. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள் என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2050-க்குள் அது 84.3 கோடியாகும் என்கிறது. உயிரைப் பறிக்காமல், ஆளை முடக்கிப்போடும் நோய்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். மாதச் சம்பளக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் விடுப்பு எடுக்கலாம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அன்று அடுப்பு எரியாது. அதனால்தான் இதைப் பேச இந்த மலைக்கு வந்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இடுப்பு வலி என்று வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஸ்கேன் வேண்டாம், அறுவை வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மிச்சம் இருப்பவர்களில் சிலருக்கோ ஒரு நாள் தாமதமும் ஆகாது. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டுவது எது? இயந்திரமா? இல்லை. மருத்துவர் கேட்கும் கேள்வி. மருத்துவர் முதுகில் வைக்கும் கை. அந்தக் கேள்வியும் அந்தக் கையும் உங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

சரி, அது எப்படி இருக்க வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகள் வரிசை. ஒரு தாய் உள்ளே வருகிறார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறார். “இடுப்பு விட்டுப் போச்சு சார். குனிஞ்சா நிமிர முடியல” என்கிறார். உடனே மருத்துவரின் கை மருந்துச் சீட்டுக்குப் போகக் கூடாது. முதலில், “எங்கம்மா வலிக்குது, கையை வச்சுக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். அவர் உள்ளங்கையை விரித்து இடுப்பின் குறுக்கே தடவிக் காட்டினால் அது ஒரு கதை. ஒற்றை விரலால் பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக, முழங்காலைத் தாண்டி, கால் பெருவிரல் வரை கோடு இழுத்துக் காட்டினால் அது வேறு கதை. முதலாவது தசையும் மூட்டும் சொல்லும் வலி. இரண்டாவது, நரம்பு வேர் ஒன்று நசுங்குகிறது என்ற செய்தி.

பிறகு, எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். ஓய்வெடுத்தால் குறைகிறதா, ஓய்வில்தான் கூடுகிறதா? இரவு தூக்கத்தைக் கலைக்கிறதா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா? உடம்பு இளைத்துவிட்டதா? மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தீர்களா? ஒன்றுக்கு, இரண்டுக்குச் சரியாகப் போகிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்க மருத்துவர்களுக்கும் கூச்சம், பதில் சொல்ல நம் பெண்களுக்கும் கூச்சம். அந்தக் கூச்சம் ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் விலையாகக் கேட்கும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, எழுந்து நடக்கச் சொல்ல வேண்டும். முதலில் குதிகாலால், பிறகு நுனிக்காலால். குதிகாலால் நடக்கும்போது ஒரு பாதம் தொங்கினால் நரம்பு பலமிழக்கிறது என்று பொருள். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல மேலே தூக்க வேண்டும். பாதி உயரம் வருவதற்குள் “காலுக்குள்ள கரண்ட் அடிக்குது சார்” என்று அலறினால், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு நரம்பைத் தொடுகிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். கால் பெருவிரலை மருத்துவரின் கையை எதிர்த்து மேலே தூக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு விரலின் பலத்தில் இடுப்பின் ஐந்தாம் நரம்பு வேரின் நிலைமை தெரிந்துவிடும். கடைசியாகக் குப்புறப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பின் ஒவ்வொரு முனையையும் விரலால் அழுத்தி, முஷ்டியால் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் எலும்பின் மேல் தட்டும்போது மட்டும் துள்ளினால், மருத்துவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இதற்கு எத்தனை நேரம் ஆகும்? பத்து நிமிடம். என்ன செலவு? ஒரு பைசா இல்லை. என்ன இயந்திரம் வேண்டும்? ஒரு படுக்கையும் இரண்டு கைகளும். கரியாலூரில் செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை.

ஆனால் நடப்பது என்ன? வலி பத்து நாள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், “கீழ போய்ப் படம் எடுத்துப் பாத்துடு.” ஆட்டை விற்றோ வட்டிக்கு வாங்கியோ பணம் புரட்டி, பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ போய், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, பெரிய உறையோடு திரும்பி வருகிறார்கள். அந்த உறைக்குள் ஒரு தாள். அதில் ஆங்கிலத்தில் நான்கு வரி. அந்த நான்கு வரியைத் தமிழில் எப்படிச் சொல்கிறார்கள்? “ஜவ்வு விலகிடுச்சு.” “எலும்பு தேஞ்சு போச்சு.” “நரம்பு அழுத்துது.” “இனிமே குனியவே கூடாது.” அவ்வளவுதான். கீழே போகும்போது இடுப்பு வலியோடு போனவர், மேலே வரும்போது நோயாளியாக வருகிறார்.

அன்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்தத் தாளில் இருப்பது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது வலிக்குக் காரணமா? பெரும்பாலும் இல்லை. எப்படிச் சொல்கிறேன்? 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். வலியே இல்லை, நினைவில் வையுங்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு ஜவ்வாவது புடைத்திருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-ல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. முடி நரைப்பது போல முதுகெலும்பும் நரைக்கிறது. நரைமுடியைப் படம் எடுத்து, தலைவலிக்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வோமா?

இது வெளிநாட்டுக் கணக்கு என்று யாராவது நினைக்கலாம். நம் ஊர்க் கணக்கைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. அங்கே முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2021-ல் ஐரோப்பிய முதுகுத்தண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. இடுப்பு வலியோடு வந்த 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஸ்கேன் அறிக்கையில் இருந்ததை அப்படியே விளக்கினார்கள். இன்னொரு பிரிவினரிடம், “உங்கள் முதுகு நன்றாக இருக்கிறது, படத்தில் தெரிகிற சின்னச் சின்ன மாற்றங்களால் ஒன்றும் இல்லை” என்று தைரியம் சொன்னார்கள். இரு பிரிவினருக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன தெரிந்தது? அறிக்கையை அப்படியே கேட்டவர்களுக்குத் தங்கள் முதுகைப் பற்றிய பயம் கூடியிருந்தது. அவர்களுக்கு வலி குறைந்ததும் குறைவு. நடமாட்டமும் குறைவு.

யோசித்துப் பாருங்கள்! ஒரு பிரிவினருக்கு வலி அவ்வளவாகக் குறையாமல் போனதற்குக் காரணம் அவர்கள் காதில் விழுந்த சொற்கள். அதே குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். ஒரே படத்துக்கு இரண்டு விதமாக அறிக்கை எழுதி, விவரம் சொல்லாமல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். வழக்கமான கடுமொழியில் எழுதிய அறிக்கையைப் படித்த மருத்துவர்கள் நோய் கடுமையாக இருக்கிறது என்றார்கள், அறுவை பற்றி அதிகம் நினைத்தார்கள். நோயாளியின் நிலைமையோடு சேர்த்து எழுதிய அறிக்கையைப் படித்தபோது அது குறைந்தது. படித்த மருத்துவரையே அந்த நான்கு வரி மிரட்டுகிறது என்றால், உறையைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறி வரும் நம் தாயை அது என்ன பாடுபடுத்தும்?

ஆகவே என் சக மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம். “தேஞ்சு போச்சு” என்ற வார்த்தையை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். “உங்க முதுகு பலமாத்தான் இருக்கு. தசை பிடிச்சிருக்கு. சில வாரத்துல குறையும்” என்று சொல்வோம். கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் அது சமாதானப் பேச்சு ஆகாது, சிகிச்சை ஆகும்.

அப்படியானால் எல்லா இடுப்பு வலியையும் இப்படித் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாமா? கூடாது! கூடவே கூடாது. இப்போது அந்த மிச்சம் பேரிடம் வருகிறேன்.

முதலில் காசநோய். காசநோய் என்றால் இருமல், சளி என்றுதான் நினைக்கிறோம். அது முதுகெலும்பையும் அரிக்கும். 1779-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் இதை எழுதி வைத்தார். இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது. இதன் தந்திரம் என்ன தெரியுமா? மெதுவாக வரும். களை எடுத்த வலி என்று நினைக்க வைக்கும். ஆனால் களை எடுத்த வலி ராத்திரி படுத்தால் குறையும். இது ராத்திரியிலும் விடாது. சாயங்காலமானால் உடம்பு சுடும். பசி போகும். இரவிக்கை தொளதொளக்கும், வேட்டி இடுப்பில் நிற்காது. கடைசியில் முதுகில் ஒரு எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். எண்ணெய் தேய்த்து விடும் மகளின் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும். “அம்மா, இங்க ஏதோ முட்டுதே” என்று அவள் சொன்னால், அன்றைக்கே கிளம்ப வேண்டும். இவர்களுக்குத்தான் ஸ்கேன். இவர்களுக்குத்தான் கீழே போகும் பேருந்து. தாமதித்தால் இரண்டு கால்களும் விழுந்துவிடலாம்.

இங்கே நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது அந்த மையம். 1970-களில் அதே மையம் முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பெரிய அறுவை செய்து அழுகிய எலும்பை அகற்றுவதே சிறந்தது என்ற கருத்து பலமாக இருந்தது. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு அறுவையோடு மருந்து, மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் என்று கொடுத்து, பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1999-ல் வெளிவந்த பத்தாண்டு அறிக்கை என்ன சொன்னது? கால் முழுவதும் செயலிழக்காத நிலையில் வந்தவர்களுக்கு, மருந்து மட்டுமே போதும். அறுவையால் கூடுதல் பலன் இல்லை. பத்து ஆண்டுகள் ஒரு நோயாளியைத் தேடித் தேடிப் பார்ப்பது எவ்வளவு பெரிய உழைப்பு! அந்த உழைப்பின் பலன்தான் இன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் அந்த மாத்திரை. எலும்புக் காசநோய்க்கு வழக்கமாக ஓராண்டு வரை சாப்பிட வேண்டியிருக்கும். வலி போனதும் நிறுத்திவிடாதீர்கள். வெளியூர் வேலைக்குப் போவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போங்கள். போகிற ஊரில் தொடர்ந்து வாங்க ஏற்பாடு இருக்கிறது.

இரண்டாவது, இளைஞர்களின் விறைப்பு. இருபது, இருபத்தைந்து வயதுப் பையன். காலையில் எழுந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முதுகு வளையாது. வேலை செய்யச் செய்ய வலி குறைகிறது. சும்மா இருந்தால் கூடுகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? “சோம்பேறி, காலைல எந்திரிக்க மாட்டேங்கறான்.” இல்லை அம்மா, அவன் சோம்பேறி இல்லை. முதுகெலும்பின் மூட்டுகள் அழற்சியால் மெல்ல ஒட்டிக்கொள்ளும் நோய் அவனுக்கு இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மருந்தும் பயிற்சியும் கொடுத்தால் அவன் நிமிர்ந்தே நடப்பான். விட்டுவிட்டால் முப்பத்தைந்து வயதில் வானத்தை அண்ணாந்து பார்க்க முடியாமல் போகலாம்.

விறைப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குடிநீரில் புளோரைடு கூடுதலாக இருந்த ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதுகெலும்பு கட்டிதட்டிப் போகும். 1937-ல் பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்துதான் இந்த முடக்கம் மருத்துவ இதழில் விரிவாகப் பதிவானது. பற்களில் பழுப்புக் கறையும் முதுகில் விறைப்பும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, அவசரம். இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம், பிறப்புறுப்பைச் சுற்றிய இடம் மரத்துப் போனாலோ, இரண்டு கால்களும் பலம் இழந்தாலோ, அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முதுகின் அடியில் உள்ள நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது. ஓரிரு நாளுக்குள் அறுவை செய்தால் மீளலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம், வெட்கமாக இருக்கிறது, பேரன் வரட்டும் என்று காத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரும். நான் முன்னால் சொன்ன கூச்சத்தின் விலை இதுதான். செவிலியர் சகோதரிகளே, நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். “ஒன்னுக்கு நல்லாப் போகுதா அக்கா?” என்ற ஒரு கேள்வி போதும்.

நான்காவது, விழுவது. புளி உலுக்க மரம் ஏறுகிறோம், தேன் எடுக்கப் பாறையில் தொங்குகிறோம், மிளகு பறிக்க ஏணியில் நிற்கிறோம். விழுந்தவரை என்ன செய்கிறோம்? கையைக் காலைப் பிடித்து உட்கார வைக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம். சாலை இல்லாத இடமாக இருந்தால் போர்வையை மூங்கிலில் கட்டித் தொட்டிலாக்கித் தூக்கி வருகிறோம். மற்ற நோய்க்கு அந்தத் தொட்டில் உயிர் காக்கும். முதுகு உடைந்தவருக்கு அது ஆபத்து. உடம்பு நடுவில் வளையும்போது, உடைந்த எலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடலாம். அவரை அசைக்காதீர்கள். கதவையோ பெஞ்சையோ அகலமான பலகையையோ கொண்டு வாருங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் ஒரே மூச்சில் உடம்பை ஒரு கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்றுங்கள். துணியால் கட்டிவிட்டு, பிறகு தூக்குங்கள்.

அப்படியும் தண்டுவடம் பாதிக்கப்பட்டுவிட்டால் வாழ்க்கை முடிந்ததா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறக்க அவரே காரணம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இந்த இரண்டு பெயர்களையும் உங்கள் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

இனி, தொண்ணூறு பேருக்கு வருவோம். ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. வலி மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

படுத்துக்கொள்வதா? பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995-ல் ஓர் ஆய்வு வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் சிலரைப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பயிற்சி சொன்னார்கள், சிலரை முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். வேகமாகக் குணமானவர்கள் வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள். தாமதமாகக் குணமானவர்கள் படுத்தவர்கள். முதல் ஓரிரு நாள் தாங்க முடியாவிட்டால் படுங்கள். மூன்றாம் நாள் எழுந்து முற்றத்தில் நடங்கள்.

பெல்ட் போடுவதா? உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முதலாக ஒரு வழிகாட்டு நூல் வெளியிட்டது. இடுப்பு பெல்ட் வேண்டாம், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை வேண்டாம், அபின் வகை வலி மருந்துகள் வேண்டாம் என்று அது சொல்கிறது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளங்கும்படி விளக்குவது, மனத்துக்கான ஆலோசனை, கையால் நீவிவிடுவது ஆகியவற்றைக் கொடுக்கலாம் என்கிறது. நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள், எண்ணெய் போட்டு நீவுங்கள், சுகமாக இருந்தால் தடையில்லை. ஆனால் காய்ச்சலும் இளைப்பும் இருக்கிறவர் முதுகையும், விழுந்து அடிபட்டவர் முதுகையும் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் தொடக் கூடாது.

ஊசி போடுவதா? “ஒரு ஊசி போட்டுடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போவணும்.” இந்தக் குரலின் நியாயம் எனக்குப் புரிகிறது. நாளைய கூலி அதில் இருக்கிறது. ஆனால் வலி ஊசியையும் மாத்திரையையும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு இன்னும் சீக்கிரம் கெடும். என்ன மருந்து என்று சொல்லாமல் போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருந்து, அதை அடிக்கடி போட்டுக்கொண்டால் எலும்பே பலமிழக்கும். சில நாள் மாத்திரை போதும். அதையும் சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு உடனே அறுவையா? நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 283 பேரைச் சீக்கிரம் அறுவை, பொறுத்துப் பார்த்தல் என்று இரண்டாகப் பிரித்து 2007-ல் முடிவைச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். பாதம் தொங்காமல், சிறுநீர்த் தொந்தரவு இல்லாமல் இருந்தால், பொறுத்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன்னால் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வராமல் தடுக்க என்ன வழி? நடப்பது. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படிப்படியாகக் கூட்டி நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. அந்தப் பயிற்சி பெறாதவர்களுக்கு 112 நாள். “நாங்க நடக்காத நடையா?” என்று இந்த மலைத் தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நீங்கள் நடப்பது சுமையோடு நடப்பது. கை வீசி நடப்பது வேறு. வலி வந்து போன சில வாரத்துக்கு விறகுக் கட்டைப் பாதியாக்குங்கள், இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள். தண்ணீர்க் குடத்தை வீட்டு ஆண்களும் தூக்கட்டும். மரவள்ளியைக் காய்ந்த மண்ணில் இழுத்துப் போராடாதீர்கள். கடப்பாரையால் வேரைச் சுற்றி மண்ணை நெகிழ்த்திவிட்டுப் பிடுங்குங்கள். ஒரே பெண் நாள் முழுவதும் பிடுங்க, இன்னொருவர் நாள் முழுவதும் நறுக்க வேண்டாம். மாறி மாறிச் செய்யுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. “பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்க, அதுலருந்துதான் இடுப்பு வலி.” தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் அறுவையால் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு முதுகில் ஊசி போடப்படுவதால், பின்னால் வரும் வலி எல்லாமே அந்த ஊசியின் தலையில் விழுகிறது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் வலிக்கு அது காரணம் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி போடாமல் வீட்டில் பெற்றவர்களுக்கும் இடுப்பு வலிக்கத்தானே செய்தது? வயிற்றுத் தசை தளர்ந்து, குனிந்து குனிந்து பால் கொடுத்து, தூக்கம் கெட்டு, சோகை பிடித்து, பதினைந்தாம் நாளே குடம் தூக்கினால் எந்த முதுகு தாங்கும்? சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுங்கள். வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி கேட்டுச் செய்யுங்கள். ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பிரசவத்தை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள்.

வலிக்கும் கவலைக்கும் உறவு உண்டு. கணவர் குடித்துவிட்டு வருகிற வீட்டில், மகன் வெளியூரில் பேச்சு மூச்சில்லாமல் இருக்கிற வீட்டில், கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற வீட்டில் இடுப்பு வலி சீக்கிரம் குறையாது. இதைச் சொன்னதும் சிலர், “அப்ப எல்லாம் மனசுலதான்” என்று முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம். வலி உண்மை. கவலை அதைக் கூட்டுவதும் உண்மை. இரண்டையும் கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்று யோசிக்கும்போது எனக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கே வந்து கொடுக்கும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நம் வீட்டு வாசலுக்கு வருவதை எல்லோரும் அறிவோம். இயன்முறை சிகிச்சையையும் கேட்டு வாங்குங்கள். இந்த மலையில் ஒவ்வொரு ஊருக்கும் இயன்முறை மருத்துவர் எந்த நாள் வருவார் என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கிராம சபையில் அதைத் தீர்மானமாகவே வையுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அங்கே பயிலும் பிள்ளைகள் இந்த மலைக்கு வந்து, ஸ்கேன் இல்லாமல் ஒரு முதுகைப் பரிசோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இங்கிருந்து நோயாளியைக் கீழே அனுப்பும் மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். “இடுப்பு வலி, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்” என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எந்த விரல் பலம் குறைந்தது, எந்த எலும்பைத் தட்டினால் வலித்தது, காய்ச்சல் எத்தனை நாள், சிறுநீர் எப்படிப் போகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். கீழே உள்ள மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் நோயாளியை வரிசையில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிடுவார். நோயாளிகளும் அந்தச் சீட்டை வாங்காமல் பேருந்து ஏறாதீர்கள்.

நேரம் போய்விட்டது. நிறையப் பேர் கேள்விகளோடு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஸ்கேன் உறை கொண்டுவந்திருப்பவர்கள் அதைப் பிறகு காட்டலாம். முதலில் நடந்து காட்டுங்கள், பிறகு படுங்கள், முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.